விசில் அடிக்காத குக்கர்: ஆவியை வெளியேற்றுவது எப்படி?

விசில் அடித்தால்தான் குக்கர் என்று இருந்த காலம் ஒன்று உண்டு. மூன்று விசில் வந்தால் சாதம், நாலு வந்தால் பருப்பு, ஆறு வந்தால் கொண்டைக்கடலை என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு இருந்தது. அடுத்த வீட்டுக் குக்கரின் சத்தத்தை வைத்தே அங்கே இன்று என்ன சமையல் என்று சொல்லிவிடும் கெட்டிக்காரத் தாய்மார்களும் இருந்தார்கள்!

இப்போது பெங்களூரில் பல தமிழர் வீடுகளுக்குள் மின்சார பிரஷர் குக்கர் நுழைந்துவிட்டது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு, கேஸ் அடுப்புக்கு இடமில்லாத ஒற்றை அறையில் இருக்கும் இளைஞர்கள், அடுப்பின் முன்னால் நெடுநேரம் நிற்க முடியாத பெரியவர்கள் என்று எல்லோருக்கும் இது சௌகரியமாக இருக்கிறது. அரிசியையும் தண்ணீரையும் போட்டு, பொத்தானை அழுத்திவிட்டுக் குளிக்கப் போகலாம். அது பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டு, தானே அணைந்துகொள்கிறது.

"எத்தனை விசில் ஆச்சு?" என்று கேட்கிறார், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார்.

"இதிலே விசிலே கிடையாது, அத்தை" என்கிறாள் மருமகள்.

"விசில் இல்லாவிட்டால் ஆவி எப்படிம்மா போகும்?"

எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய பேச்சுதான். ஆனால் மாமியார் கேட்டது மிகச் சரியான கேள்வி. இந்தக் குக்கரால் கையைச் சுட்டுக்கொண்டவர்களில் பலர், சமைக்கும்போது சுட்டுக்கொள்ளவில்லை. சமையல் முடிந்த பிறகு, ஆவியை வெளியேற்றும்போதுதான் சுட்டுக்கொண்டார்கள்.

பழைய குக்கரும் புதிய குக்கரும்

அடுப்பில் வைக்கும் குக்கரில் ஆவி அளவுக்கு மேல் சேர்ந்தால் வெயிட் தூக்கிக்கொள்ளும். கொஞ்சம் ஆவி போகும். மறுபடி வெயிட் உட்காரும். அதுதான் விசில். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் குக்கரே அடிக்கடி கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறது.

மின்சாரக் குக்கர் அப்படிச் சொல்வதில்லை. உள்ளே அழுத்தம் தேவையான அளவுக்கு வந்ததும் கருவி மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. குறைந்தால் மறுபடி கொடுக்கிறது. ஆகவே ஆவி வெளியே வரவேண்டிய அவசியமே இல்லை. ஆரம்பத்தில் மூடியில் உள்ள சிறு பின் மேலே எழும்பும் வரை கொஞ்சம் ஆவி கசியும். பின் எழும்பிவிட்டால் பிறகு பேச்சு மூச்சு கிடையாது.

சமையல் முடிந்ததும் 'பீப்' என்று ஒரு சத்தம் வருகிறது. பலரும் அதைச் 'சாப்பாடு தயார்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அது அல்ல. 'சூடு கொடுப்பதை நிறுத்திவிட்டேன்' என்பதுதான் அர்த்தம். ஆவி முழுவதும் அப்படியே உள்ளே இருக்கிறது. அதை எப்போது, எப்படி வெளியே விடுவது என்ற பொறுப்பு அந்த நிமிடத்திலிருந்து மனிதரிடம் வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சாதாரண மின்சார ரைஸ் குக்கர் வேறு, இது வேறு. கண்ணாடி மூடி போட்ட ரைஸ் குக்கரில் அழுத்தம் கிடையாது. அதைத் திறப்பதுபோல இதைத் திறக்கப் பார்த்தால் வினைதான்.

எலும்பைக் கரைத்தவர்

ஆவியை அடைத்து வைத்துச் சமைக்கும் யோசனை இன்று நேற்று வந்ததல்ல. டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1679-ம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் இப்படி ஒரு பாத்திரத்தைக் காட்டினார். கெட்டியான எலும்பையும் மெத்தென்று ஆக்கிவிடும் பாத்திரம் அது. அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்துகொள்ள, எடை தொங்கவிட்ட ஒரு வால்வையும் அவர் அதற்குப் பொருத்தினார். நமது குக்கரின் 'வெயிட்'டுக்கு அவர்தான் முன்னோடி.

இந்தியாவில் பிரஷர் குக்கர் தயாரிப்பு 1950-களின் கடைசியில் தொடங்கியது. அதில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமத்தின் குக்கர் தொழிற்சாலை பழைய மெட்ராஸ் ரோட்டில், தூரவாணி நகரில்தான் இருந்தது.

மின்சார பிரஷர் குக்கருக்கு 1991-ல் சீனாவில் காப்புரிமை கோரப்பட்டது. 2010-க்குப் பிறகு, கனடாவில் வடிவமைக்கப்பட்ட ஒரு மாடல் மேல்நாடுகளில் பரபரப்பாக விற்பனையாகியது. அதன் பின் பல கம்பெனிகளும் இதில் இறங்கின.

ஆபத்து மேலே அல்ல, கீழே!

குக்கருக்குள் ஆபத்தானது எது என்று கேட்டால், மேலே நிற்கும் ஆவி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆவி கொஞ்சம்தான். திறந்துவிட்டால் சில விநாடியில் போய்விடும். உண்மையான சரக்கு கீழே இருக்கிறது. அது தண்ணீர்.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். அழுத்தத்தில் வைத்தால் அவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. மின்சாரக் குக்கருக்குள் சுமார் 115 டிகிரி வரை தண்ணீர் சூடேறியிருக்கும். ஆனாலும் ஆவியாகப் பொங்காமல் அடங்கிக் கிடக்கும். அதை அமுக்கி வைத்திருப்பது மேலே உள்ள அழுத்தம்தான்.

வால்வைத் திடீரென்று திறந்தால் அந்த அழுத்தம் விலகுகிறது. 115 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 'நான் எப்போதோ கொதித்திருக்க வேண்டுமே' என்பதுபோல ஒரே நேரத்தில் மேலும் கீழும் கொந்தளிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே 2 லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழுத்தம் முழுவதும் இறங்கி அது சாதாரணக் கொதிநிலைக்கு வருவதற்குள், அதில் சுமார் 60 மில்லி ஆவியாகிவிடும். அரை டம்ளர்கூட இல்லை. ஆனால் ஒரு மில்லி தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மில்லி இடத்தை அடைக்கும். அப்படியானால் அந்த 60 மில்லி, 100 லிட்டர் ஆவி!

அவ்வளவும் ஒரு சிறு துவாரத்தின் வழியே இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். உள்ளே வெறும் தண்ணீரும் முட்டையும் இருந்தால் வெறும் ஆவிதான் வரும். கஞ்சியோ பருப்போ இருந்தால்? ஒவ்வொரு ஆவிக் குமிழியும் மாவுப்பசையைப் போர்த்திக்கொண்டு நுரையாக எழும்பும். அந்த நுரை மூடியைத் தொட்டதும், துவாரத்தின் வழியே ஆவிக்குப் பதிலாகக் கொதிக்கும் பருப்பு பீச்சி அடிக்கும். கூரை வரைக்கும் போகும். அதை நிறுத்தப் பதறிப்போய்க் கையை நீட்டும்போதுதான் பலருக்கு விரல் வெந்துபோகிறது.

ஆகவே ஆவியை எப்படி விடுவது என்பதைத் தீர்மானிப்பது கடிகாரம் அல்ல. உள்ளே இருக்கும் பதார்த்தம்.

இரண்டு வழிகள்

ஒன்று, தானாக அடங்க விடுவது. சமையல் முடிந்த பிறகு எதையும் தொடாமல் விட்டுவிட வேண்டும். குக்கர் ஆற ஆற, அழுத்தம் குறைந்து, மேலே எழும்பிய பின் தானே கீழே விழும். கொஞ்சமாகச் சமைத்திருந்தால் 10 முதல் 15 நிமிடம் ஆகும். நிறைய இருந்தால், அதுவும் கெட்டியாக இருந்தால், அரை மணியும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்திலும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, சமைக்கும் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, வால்வைத் திருப்பி உடனே வெளியேற்றுவது. அவசரத்துக்கு உதவும். காய்கறி குழையாமல் இருக்கவும் இதுதான் வழி.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. உண்மையில் நம் வீட்டுச் சமையலுக்கு அதிகம் ஒத்துவருவது அதுதான். பத்து நிமிடம் தானாக அடங்க விட்டுவிட்டு, மிச்சத்தை வால்வின் வழியே விடுவது. பத்து நிமிடத்துக்குள் உள்ளே பெரும் கொந்தளிப்புக்கான சூடு குறைந்துவிடும். வால்வையும் ஒரேயடியாகத் திறக்காமல், ஒரு விநாடி திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்க்க வேண்டும். வெறும் ஆவியாக வந்தால் தொடரலாம். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு துளி தெறித்தாலும் உடனே மூடிவிட வேண்டும். இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தால் அடங்கிவிடும்.

எதற்கு எது?

முட்டை, உருளைக்கிழங்கு, பீன்ஸ், கேரட், பூசணி போன்றவற்றுக்கு உடனே ஆவியை விடலாம். பாதகமில்லை.

இட்லிக்கு அழுத்தமே கூடாது. வால்வைத் திறந்து வைத்தே அவிக்க வேண்டும். பழைய குக்கரில் வெயிட் போடாமல் இட்லி வைக்கிறோமே, அதே கதைதான். ஆனால் பின் எழும்பாத வரை பல மாடல்களில் நேரக் கணக்கு ஓடாது. ஆகவே கடிகாரத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சாதத்துக்குப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுத்தால் சாதமும் பொலபொலவென்று வரும். அவசரப்பட்டால் கஞ்சித் தண்ணீர் மூடி முழுவதும் வழியும்.

துவரம்பருப்பு பெரிய போக்கிரி. அதில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் இருக்கிறது. ஊறவைத்துக் கழுவி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் வைத்து, முழுவதும் தானாக அடங்க விடுவதே நல்லது. கடலை, மொச்சை, காராமணி எல்லாம் இதே ஜாதிதான். மார்கழி, தை மாதங்களில் பெங்களூர் மார்க்கெட்டில் மலைபோல் குவியும் அவரைக் கொட்டையும் அப்படித்தான். கொண்டைக்கடலைக்கு உடனே ஆவியை விட்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு. உள்ளேயிருந்து வரும் கொதிப்பில் தோல் பிய்ந்து, கடலை உடைந்து, சுண்டல் களியாகிவிடும்.

வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், பாயசம், கஞ்சி, பிஸிபேளாபாத் – இவற்றுக்கு வால்வைத் தொடவே வேண்டாம். அரை மணி ஆனாலும் சரி, பின் தானே விழட்டும்.

கெட்டியான பதார்த்தத்தில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. பின் விழுந்துவிட்டது, மூடியும் திறந்துவிட்டது, மேலே அசைவே இல்லை. ஆனால் அடியில் சூடான ஆவிக் குமிழிகள் அகப்பட்டுக் கிடக்கும். கரண்டியை விட்டுக் கிளறிய மாத்திரத்தில் 'பொளுக்'கென்று முகத்தில் தெறிக்கும். பிஸிபேளாபாத்தைத் திறந்ததும் நெய் விட்டுக் கிளறும் ஆசை எல்லோருக்கும் இருப்பதுதான். இரண்டு நிமிடம் பொறுத்துக் கிளறினால் நெய்யும் கெடாது, முகமும் கெடாது.

ஆட்டிறைச்சிக்கும் பொறுமைதான் நல்லது. உடனே ஆவியை விட்டால் கறியில் உள்ள நீர் ஆவியாகப் போய், கறி வறண்டு நார் நாராகிவிடும்.

கை எங்கே இருக்க வேண்டும்?

வால்வுக்கு நேர் மேலே கை போகக்கூடாது. பக்கவாட்டிலிருந்து, நீளமான மரக் கரண்டிக் காம்பினால் வால்வைத் தள்ளித் திறப்பது உத்தமம். சில மாடல்களில் இதற்கென்றே மூடியின் ஓரத்தில் பொத்தான் வைத்திருக்கிறார்கள். முகம் மூடிக்கு மேலே குனிந்திருக்கக் கூடாது. கண்ணாடி அணிந்தவர்களுக்கு ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போய்விடும். அவர்கள் இன்னும் ஓர் அடி தள்ளியே நிற்கலாம்.

ஆவியின் மேல் துணியைப் போட்டு மூடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சுவரில் தெறிக்காமல் இருக்கத்தான் போடுகிறார்கள். ஆனால் ஈரமாகிச் சூடேறிய துணி கையைச் சுடும், துவாரத்தையும் அடைக்கும். வேண்டாம்.

மூடியைத் திறக்கும்போது தன் பக்கத்து விளிம்பைத் தூக்கக் கூடாது. எதிர்ப்பக்கத்து விளிம்பு முதலில் எழும்புமாறு, மூடியையே முகத்துக்குக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். மிச்சம் இருக்கும் ஆவி எதிர்ப்பக்கம் போய்விடும்.

அடுப்புக் குக்கரைச் சீக்கிரம் ஆற்றக் குழாயடியில் பிடிப்பது நம் தாய்மார்களின் பழைய வழக்கம். மின்சாரக் குக்கரை அப்படிப் பிடித்தால் அடியில் உள்ள மின்சாரப் பாகங்களில் தண்ணீர் இறங்கும். கருவியும் போகும், ஆளுக்கும் ஆபத்து. இதை வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். அவர்கள் நல்லெண்ணத்தில் செய்துவிடுவார்கள்.

குக்கரை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் தேவை. பெங்களூர் அடுக்குமாடி வீடுகளில் சமையல் மேடைக்கு மேலேயே மர அலமாரி தொங்குகிறது. தினமும் அதன் அடியில் ஆவி அடித்தால் பிளைவுட் உப்பிப் பிரிந்துவிடும். சுவிட்சுப் பலகைக்கு நேராக வைப்பது அதைவிடத் தப்பு. இடமில்லை என்று கேஸ் அடுப்பின் மேலேயே வைத்துச் சமைப்பவர்களும் உண்டு. யாராவது கவனிக்காமல் அடுப்பின் திருகைத் திருப்பிவிட்டால், கீழே பிளாஸ்டிக், மேலே அடைத்த ஆவி! அதற்குப் பதில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அதில் வைக்கலாம் என்று தோன்றும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அதுவும் கூடாது. தொங்கும் வயரைப் பிடித்துக் குழந்தை இழுத்துவிடும்.

9 லட்சத்து 30 ஆயிரம் குக்கர்

பாத்திரத்தில் எவ்வளவு நிரப்புவது என்பதும் ஆவி விடும் விஷயத்தோடு சேர்ந்ததுதான். சாதாரணமாக மூன்றில் இரண்டு பங்கு. அரிசி, பருப்பு போல உப்பி நுரைக்கும் சாமான் என்றால் பாதி. அதற்கு மேல் ஒரு கரண்டிகூட வேண்டாம். நுரை எழும்ப இடம் வேண்டுமே!

அமெரிக்காவில் 2023 அக்டோபரில் சுமார் 9 லட்சத்து 30 ஆயிரம் மின்சார பிரஷர் குக்கர்கள் திரும்பப் பெறப்பட்டன. காரணம் வெடிப்பு அல்ல, மின்கசிவும் அல்ல. உள் பாத்திரத்தில் பொறித்திருந்த அளவுக் கோடுகள் தவறாக இருந்தன. அந்தக் கோட்டை நம்பி மக்கள் அதிகமாக நிரப்பினார்கள். வால்வைத் திறந்தபோதும் மூடியைத் திறந்தபோதும் உள்ளே இருந்த உணவு சீறிக்கொண்டு வெளியே வந்தது. 17 பேர் தீக்காயம் அடைந்ததாகப் புகார் வந்தது.

ஒரு கோடு தவறிப்போனதால் வந்த வினை! நம் வீடுகளில் பலர் கோட்டையே பார்ப்பதில்லை. விருந்தாளி வந்துவிட்டால் 'இன்னும் ஒரு ஆழாக்கு போடு' என்பதுதான் நடக்கிறது. அன்றைக்கு இரண்டு தடவையாக வைப்பதே மேல்.

பெங்களூரும் கொதிநிலையும்

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் சென்னையைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவாகவே சூடேறும். அக்கா சென்னையிலிருந்து சொன்ன நேரப்படி வைத்தும் பருப்பு மசியவில்லை என்றால் குக்கரைக் குறை சொல்ல வேண்டாம். 20 நிமிடத்துக்கு ஒரு நிமிடம் சேர்த்து வைத்தால் போதும்.

பெங்களூரில் இன்னொரு சங்கடம், போர்வெல் தண்ணீர். காவிரித் தண்ணீர் வராத பகுதிகளில் உப்புத் தண்ணீரில்தான் சமையலும் நடக்கிறது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு வால்விலும் பின்னிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். துவாரம் குறுகும். பின் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பின் மேலே நிற்கிறதா, கீழே இருக்கிறதா என்பதை வைத்து எதையும் நம்ப முடியாது.

அதற்கு மருந்து சுலபம். மூடியின் அடியில், துவாரத்தைப் பாதுகாக்க ஒரு சிறு தொப்பி போன்ற சல்லடை இருக்கும். பலருக்கு அது கழற்றக்கூடியது என்பதே தெரியாது. சமைத்த ஒவ்வொரு நாளும் அதைக் கழற்றிக் கழுவ வேண்டும். வாரம் ஒருமுறை வால்வையும் எடுத்து, எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த வெந்நீரில் ஊறவைத்து, துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மறுபக்கம் தெரிந்தால் சரி. பின்னை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். கழுவியதை மறக்காமல் திரும்ப மாட்டுவதும் முக்கியம். சல்லடை இல்லாமல் சமைத்தால் ஒரு மிளகாய்த் தோல் போதும், துவாரத்தை அடைக்க.

பின் விழவில்லை என்றால்?

சில நாள் ஒரு மணி நேரம் ஆகியும் பின் மேலேயே நிற்கும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு கரண்டிக் காம்பால் வால்வைத் திறந்து பார்க்கலாம். ஆவி சீறி வந்தால் சரி, உள்ளே அழுத்தம் இருக்கிறது. மேலே சொன்னபடி விட்டு விட்டு வெளியேற்றலாம். ஆவி வரவே இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். உள்ளே ஆவி தீர்ந்து, பின் மட்டும் பிசுக்கில் ஒட்டியிருக்கலாம். அல்லது துவாரம் அடைத்துக்கொண்டு, உள்ளே ஆவி அப்படியே இருக்கலாம். ஆவி வரவில்லை என்பதால் ஆவி இல்லை என்று ஆகிவிடாது!

எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆகவே அப்படியே விட்டுவிட வேண்டும். மூடியின் உலோகப் பகுதி கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும் வரை இன்னும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆனாலும் காத்திருக்க வேண்டும். சூடு போய்விட்டால் அழுத்தமும் போய்விடும். அதற்குப் பின் நீளமான ஸ்பூனால் பின்னை மெதுவாகத் தட்டிவிட்டால் விழுந்துவிடும். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு ஓட்டலைப் பார்க்க வேண்டியதுதான். தோசை செலவு ஆஸ்பத்திரிச் செலவைவிடக் குறைவு.

மூடி திரும்பவில்லை என்றால் ஒருபோதும் பலத்தைக் காட்டக் கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை மூடி திரும்பாதபடி பூட்டிக்கொள்வது பழுது அல்ல. அதுதான் காவல். 'ஆம்பிளைக் கையால் திறந்து பார்' என்று வீட்டுக்காரரைக் கூப்பிடுவது, காவல்காரனை அடித்து விரட்டுவது போல!

நடுவில் கரண்ட் போய்விட்டால் பயப்பட ஒன்றுமில்லை. சூடு நிற்கும், குக்கர் தானாக அடங்கத் தொடங்கும். வால்வைத் திறக்காமல் விட்டுவைத்தால் பாதி வெந்தது அந்தச் சூட்டிலேயே மேலும் வேகும்.

வாங்கும்போது

பிரஷர் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம் ஆக்கப்பட்டது. முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காகச் சில ஆன்லைன் வியாபார நிறுவனங்களுக்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விலை மலிவாகக் கிடைக்கிறது என்று முத்திரை இல்லாததை வாங்குவது வேண்டாத வேலை.

கேஸ்கட் விஷயத்திலும் சிக்கனம் வேண்டாம். அந்தக் கம்பெனி, அந்த மாடலுக்கு உரியதையே போட வேண்டும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. வெடிப்பு விட்டாலோ, இழுத்தால் தளர்ந்து நின்றாலோ அன்றைக்கே மாற்ற வேண்டும். விசில் குக்கரின் பழைய கேஸ்கட்டை இதில் திணித்துப் பார்ப்பது அறவே கூடாது.

சுட்டுவிட்டால்

கொதிக்கும் தண்ணீரைவிட ஆவி மோசமாகச் சுடும். காரணம் இருக்கிறது. ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு உடல் சூட்டுக்கு ஆறும்போது சுமார் 63 கலோரி வெப்பத்தைக் கொடுக்கிறது. ஒரு கிராம் ஆவி, தண்ணீராக மாறும்போதே 540 கலோரியைத் தோலில் இறக்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீரின் சூடு.

ஆவி பட்டுவிட்டால் உடனே குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததே என்று கையை எடுத்துவிடக் கூடாது. தோலுக்கு அடியில் இறங்கிய சூடு வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். வீங்குவதற்கு முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது.

ஐஸ் வைக்கக் கூடாது. பற்பசை, மஞ்சள், இங்க், நெய், மாவு எதுவும் தடவக் கூடாது. தடவினால் சூடு உள்ளேயே தங்கும். டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது வலி இரட்டிப்பாகும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும்.

முகம், கண், விரல் மடிப்புகள் சுட்டிருந்தாலும், சுட்ட இடம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், குழந்தைகளோ வயதானவர்களோ சர்க்கரை வியாதிக்காரர்களோ சுட்டுக்கொண்டாலும், தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். பெங்களூரில் சிட்டி மார்க்கெட் அருகே உள்ள விக்டோரியா ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.